லூகாலா, ஃபார்மலினா, எத்தனாலா? கடல் பிளாங்டன் மாதிரிக்கு எது பொருந்தும்

லூகால் (அயோடின் கரைசல்), ஃபார்மலின், எத்தனால் மூன்றும் பிளாங்டனை, அதாவது நீரோடு மிதந்து திரியும் உயிரிகளை, கெடாமல் வைக்கும் திரவங்கள். எது பொருந்தும் என்பது மாதிரியை எப்படி, எதற்காக எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 20 மைக்ரான் வலையை இழுத்து, சிக்கியதை எண்ணி, "லிட்டருக்கு இத்தனை செல்கள்" என்று எழுதினால் அந்தக் கணக்கு நிற்காது. சின்னச் செல்கள் வலைக்கண் வழியே நழுவிவிடும். பாசி பெருகிய நாளில் கண் அடைத்துக்கொண்டு, நீர் வலைக்குள் போகாமல் வாயருகே விலகி ஓடும். தாவர மிதவைகளை (தாவர வகைப் பிளாங்டனை) எண்ண, வேண்டிய ஆழத்தில் மூடி நீரெடுக்கும் நிஸ்கின் புட்டியில் எடுத்த நீர்தான் வேண்டும். வலை, இனப்பட்டியலுக்கு மட்டும்.

விலங்கு மிதவைக்கு இது தலைகீழ். புட்டியின் சில லிட்டரில் கோப்பிபாட் என்னும் சிறு ஓட்டுயிரிகள் எத்தனை சிக்கும்? 200 மைக்ரான் வலையை நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் செங்குத்தாகத் தூக்குங்கள். வலைவாயில், உள்ளே போகும் நீரை அளக்கும் ஃப்ளோமீட்டர் கட்டாயம். கயிற்று நீளத்தை மட்டும் நம்பினால் அடைபட்ட வலையும் முழு நீரை வடித்ததாகவே கணக்கு வரும்.

புட்டி நீருக்கு லூகால். 1 லிட்டர் வாலைவடிநீரில் 100 கிராம் பொட்டாசியம் அயோடைடு கரைந்த பிறகே 50 கிராம் அயோடின் போட வேண்டும். முதலிலேயே போட்டால் கரையாது. கடைசியில் 100 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலம். 200 மி.லி. மாதிரிக்கு 1 மி.லி. வரை போதும், வெளிர் தேநீர் நிறம் வர வேண்டும். ஃபார்மலினில் உருக்குலையும் மெல்லிய கசையுயிரிகள் (சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒருசெல் உயிரிகள்) இதில் ஓரளவு தாங்கும்; அயோடின் ஏறிய செல்கள் சீக்கிரம் படியும். ஆனால் அமிலம் சில பாசிகளின் மேலுள்ள சுண்ணாம்புத் தகடுகளான கோக்கோலித்துகளைக் கரைத்துவிடும். பிளாஸ்டிக் அயோடினை உறிஞ்சும், வெளிச்சம் சிதைக்கும். ஆகவே பழுப்புக் கண்ணாடிப் புட்டி; மாதம் ஒருமுறை நிறம் பார்த்து, வெளிறியிருந்தால் சில துளி சேர்க்க வேண்டும்.

வலை மாதிரிக்கு ஃபார்மலின்: 9 பங்கு மாதிரிக்கு 1 பங்கு கடைச் சரக்கு. அதிலேயே ஃபார்மால்டிஹைடு 37–40 விழுக்காடுதான். "4% ஃபார்மலின்", "4% ஃபார்மால்டிஹைடு" இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் செறிவு இரண்டரை மடங்கு மாறிப்போகும். அமிலத்தை முறிக்கும் போராக்ஸ் உப்பைச் சேர்க்காவிட்டால், அதில் உருவாகும் ஃபார்மிக் அமிலம் டெரோபாட் என்னும் மிதக்கும் நத்தைகளின் ஓட்டைத் தின்றுவிடும். உயிரிகள் புட்டியில் கால்வாசிக்கு மேல் இருந்தால் உள்ளே அழுகும். ஃபார்மலினால் புற்றுநோய் ஆபத்து உண்டு. கையுறையும் காற்றோட்டமும் வேண்டும்.

டிஎன்ஏ வேண்டுமானால் ஃபார்மலினைத் தொடவே வேண்டாம், 95% எத்தனால்தான். சல்லடையில் கடல்நீரை வடித்துவிட்டே ஊற்றுங்கள். இல்லையேல் நீர்த்துப்போகும், உப்பும் படியும். 24 மணி நேரத்தில் எத்தனாலை மாற்றுங்கள். ஜெல்லி உயிரிகள் இதில் சுருங்கி அடையாளமிழக்கும். உருவ ஆய்வு, டிஎன்ஏ இரண்டும் தேவையென்றால் ஃபோல்சம் பிரிப்பானில் கப்பலிலேயே மாதிரியைப் பாதியாக்கிவிடலாம். சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள் போடுங்கள். மார்க்கர் எழுத்தை எத்தனால் கழுவிவிடும்.