ரெண்டு அக்னி நட்சத்திரம் பாத்த கிரிப்

ராணிப்பேட்டையில இருக்கிற என் ஸ்கூல் தோஸ்து நேத்து ராத்திரி ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி, "மச்சான், நீ சைக்கிள் ஹேண்டில்பார்ல போட்டிருக்கிற அதே ரெக்கை வெச்ச கிரிப், 1,350-ல இருந்து 799-க்கு எறங்கிடுச்சு, வாங்கலாமா?"ன்னு கேட்டான். ஆமா இல்லன்னு ஒரு வார்த்தையில முடிச்சிருக்கலாம், ஆனா அந்த கிரிப் மேல எனக்கு பெரிய கோவம் இருக்கு. போதாததுக்கு போன மாசம் தான் அதைக் கழட்டி மாட்டுற வேலையில ஒரு கூத்தே நடந்துச்சு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதிடறேன்.

சைக்கிள் 29 இஞ்ச் வீல் வெச்ச ஹார்ட்டெயில், அதாவது முன்னாடி மட்டும் ஷாக் அப்சார்பர் இருக்கிறது, ஊர்ல எல்லாரும் வெச்சிருக்கிறது தான், அதைப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல. நான் இருக்கிறது காட்பாடி. வாரத்துல நாலு நாள் காலையில பாலாறு பாலம் தாண்டி பாகாயம் வரைக்கும் போயிட்டு வருவேன், ஞாயித்துக்கிழமை கணியம்பாடி, நஞ்சுகொண்டாபுரம் வழியா அமிர்தி. வருஷத்துக்கு ஒரு தடவ ஏலகிரி. (இப்ப அது திருப்பத்தூர் மாவட்டமாம், 2019-ல பிரிச்சிட்டாங்க, எனக்கு இன்னும் எல்லாம் வட ஆற்காடு தான்.)

முதல்ல ஏன் கிரிப் மாத்தினேன்னு சொல்லணும். சைக்கிளோட வந்த கிரிப் உருட்டுக்கட்டை மாதிரி, கெட்டி ரப்பர். ஒரு ஆறு ஏழு கிலோமீட்டர் போனா சுண்டு விரலும் மோதிர விரல்ல பாதியும் மரத்துடும். முழு மோதிர விரல் இல்ல, பாதி, சுண்டு விரல் பக்கத்துப் பாதி மட்டும். என்னடா இது பிளேடு வெச்சுப் பிரிச்ச மாதிரின்னு பயந்துட்டேன். அப்புறம் தான் தெரிஞ்சது, அந்த ஒண்ணரை விரலுக்குப் போற நரம்பு உள்ளங்கை அடியில சுண்டு விரல் பக்கமா மேலோட்டமா தான் ஓடுதாம், மணிக்கட்டு மடங்கி நம்ம வெயிட்டு மொத்தமும் அது மேல உக்காந்தா நசுங்குது. உல்நார் நரம்பு. முழங்கையில இடிச்சா ஷாக் அடிக்குமே, அதே நரம்பு தான்.

நம்ம ஆளுங்க உடனே கிளவுஸ் போடுன்னாங்க, போட்டேன், கொஞ்சம் கொறைஞ்சது. சீட்டு மூக்கு கீழ சரிஞ்சிருந்தா ஒடம்பு முன்னாடி வழுக்கி கை தான் தாங்கும்னாங்க, அதையும் நேராக்கினேன், இன்னும் கொஞ்சம் கொறைஞ்சது. இதுக்கு நடுவுல சிலிகான் ஃபோம் கிரிப் ஒண்ணு வாங்கினேன், விலை கம்மி, பஞ்சு மாதிரி இருந்துச்சு. ஆனா சொருகுற டைப். சோப்புத் தண்ணி போட்டு சொருகிட்டேன், உள்ள ஈரம் காயவே இல்ல, ஒரு வாரம் ஸ்கூட்டர் ஆக்ஸிலேட்டர் மாதிரி சுத்திக்கிட்டே இருந்துச்சு. கழட்டலாம்னா வரல. கடைசியில பாகாயம் பக்கம் ஒரு பஞ்சர் கடையில கிரிப்புக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவுல காத்து நாசிலைக் குத்தி அடிக்கச் சொன்னேன், பலூன் மாதிரி உப்பி தானா வழுக்கி வெளிய வந்துடுச்சு. அந்தப் பெரியவர் "இன்னாபா, இத்தினி வருசமா டயருக்குத் தான் காத்து அடிச்சுகினு கீறேன், கைப்பிடிக்கி அடிக்கச் சொன்ன மொத ஆளு நீதான்"ன்னு சிரிச்சாரு. காசு வாங்கல.

அப்புறம் தான் இந்த ரெக்கை கிரிப். லாக்-ஆன் டைப், உள்பக்கம் ஒரு அலுமினிய வளையம், ஆலன் கீ (ஆறு பட்டை வெச்ச எல் வடிவக் கம்பி) வெச்சு முடுக்கினா சுத்தாது. வெளிப்பக்கம் உள்ளங்கை வைக்கிற எடத்துல மீன் வால் மாதிரி அகலமா விரிஞ்சிருக்கும், அது மேல கை படுத்துக்கும். முதல் நாள் ஒண்ணும் பெரிசா தெரியல, சொல்லப்போனா ரெக்கையை ரொம்ப மேல திருப்பி வெச்சுட்டதால மணிக்கட்டே வலிச்சது. அடுத்த நாள் கொஞ்சூண்டு, ஒரு நெல்லு அகலம் இருக்கும், கீழ திருப்பினேன். அவ்ளோ தான். முழங்கையில இருந்து விரல் கணு வரைக்கும் ஒரே கோடா வந்துச்சு. அந்த ஞாயித்துக்கிழமை அமிர்தி போய் திரும்பி வந்து வீட்டு வாசல்ல எறங்கினப்புறம் தான் ஞாபகமே வந்துச்சு, ஐயோ இன்னிக்கி விரல் மரக்கவே இல்லயேன்னு. ஏலகிரி எறக்கத்துல 14 கொண்டை ஊசியும் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே எறங்கினேன், முன்னெல்லாம் கீழ வந்ததும் கையை உதறிக்கிட்டு நிப்பேன், இந்தத் தடவ நேரா போய் டீ கிளாஸைப் பிடிச்சேன்.

சரி, இப்ப கோவத்துக்கு வரேன்.

வேலூர் வெயில் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா. மரமில்லாத மலைன்னு பழமொழியே இருக்கு நம்ம ஊருக்கு, அந்த மொட்டைப் பாறை பகல் பூரா சூடேறி ராத்திரி பூரா கக்கும். நாப்பது டிகிரி தாண்டுற ஊருக்கு எவன் இந்த ரப்பரைச் செஞ்சான்னு எனக்குத் தெரியல. முதல் கோடை தாங்குச்சு. ரெண்டாவது அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சு நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ, ஷீட் போட்ட போர்ட்டிகோவில நிறுத்தி வெச்சிருந்த சைக்கிளைத் தொட்டேன், கை ஒட்டுச்சு. பலாப்பழம் அறுத்த கை மாதிரி. வேப்பம்பூ, தூசி, பூனை முடி, எல்லாம் அதுல ஒட்டிக்கிட்டு கிரிப்புக்கு மீசை மொளைச்ச மாதிரி இருந்துச்சு. ரப்பர் மெத்துன்னு இருக்கணும்னு அதுல பிளாஸ்டிசைசர்னு ஒரு எண்ணெய்ச் சரக்கு சேக்குறாங்க, சூட்டுலயும் வெயில்லயும் அது மெல்ல மேல கசியுது, நம்ம வேர்வையும் தலைக்குத் தடவின தேங்கா எண்ணெயும் கையில இருந்து எறங்கி அதுக்குத் துணை போகுது. எந்த மெத்து மெத்துக்காக வாங்கினோமோ அதே மெத்து தான் காலை வாருது.

ஒட்டுறது கூடப் பரவால்ல. கறுப்பு. ஒரு நாள் ரைடு முடிச்சு வந்து கையைக் கழுவாம, பொண்ணு ஸ்கூலுக்கு லேட்டுன்னு அவசரத்துல அவ முதுகுல தட்டி "கெளம்பு கெளம்பு"ன்னு அனுப்பிட்டேன். வெள்ளை யூனிஃபார்ம். சாயந்திரம் அவ திரும்பி வந்து முதுகைக் காட்டினா, அஞ்சு விரலும் உள்ளங்கையும் ரேகை பிசகாம பதிஞ்சிருந்தது, பத்திர ஆபீஸ்ல கூட இவ்ளோ தெளிவா விழாது. அந்தச் சட்டை மூணு தடவ தொவைச்சும் போகல. வீட்டம்மா அதை மடிச்சு அலமாரியில ஆதாரமா வெச்சிருக்காங்க.

என்னென்ன பண்ணேன்னு கேளுங்க. பவுடர் போட்டேன், ஒரு நாள் நல்லா இருந்துச்சு, அடுத்த நாள் வேர்வை பட்டு தோசை மாவு. பாத்திரம் தேய்க்கிற சோப்பு, ரெண்டு நாள். கடைசியில மெடிக்கல்ல கிடைக்கிற ஸ்பிரிட்டைத் துணியில நனைச்சுத் துடைச்சேன், மேல இருந்த பிசுக்கு பூரா உரிஞ்சு வந்துடுச்சு, துணி தார் ரோட்டுல பொரட்டின மாதிரி ஆயிடுச்சு, அதுக்கப்புறம் ஒரு மாசம் நிம்மதி. இப்ப மாசத்துக்கு ஒரு தடவ அமாவாசை விரதம் மாதிரி அது நடக்குது. கிரிப்போட புள்ளிப் புள்ளி டிசைன் பாதி தேஞ்சு போச்சு. கம்பெனிக்கு மெயில் போட்டேன், நிழல்ல வைங்கன்னு பதில் வந்துச்சு. சைக்கிளை நிழல்ல வெச்சே ஓட்டணும்னா நான் சீலிங் ஃபேன் கீழ ஸ்டாண்டு போட்டு மிதிக்க வேண்டியது தான்.

போன மாசக் கூத்து இது: பின் பிரேக் லிவர் ஒடைஞ்சு கடையில விட்டேன். லிவரை மாத்தணும்னா கிரிப்பைக் கழட்டணும். அந்தப் பையன் தேஞ்ச ஆலன் கீயை வெச்சுத் திருகி போல்ட் தலையை மழுங்க அடிச்சுட்டான், ட்ரில் போட்டுத் தான் எடுத்தாங்க. புது போல்ட் வர்ற வரைக்கும்னு சொல்லி பழைய உருட்டுக்கட்டை கிரிப்பை மாட்டிக் கொடுத்தாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம், அப்பாடா இந்தப் பிசாசு ஒழிஞ்சுதுன்னு. கை சுத்தமா இருந்துச்சு, ரெண்டு நாள் ராஜா மாதிரி போனேன். மூணாவது நாள் பாலாறு பாலம் முடியல, ஒண்ணரை விரல் போயே போச்சு. பாலத்து ஓரமா நிறுத்திக் கையை உதறிக்கிட்டு நிக்கறேன், பக்கத்துல ஒரு பால்காரர் கேனைக் கட்டிக்கிட்டு பழைய சைக்கிள்ல போறாரு, ஹேண்டில்ல பழைய வேட்டித் துணியைக் கிழிச்சு இறுக்கிச் சுத்தி இருக்காரு, வேர்வையை இழுக்கும், ஒட்டாது, கறுக்காது, செலவும் இல்ல. எனக்கு அழுகை வராத கொறை.

ஒம்பதாவது நாள் நானே ஹார்டுவேர் கடையில எம்4 போல்ட் ஒண்ணு அஞ்சு ரூபாய்க்கு வாங்கி, புது 3 எம்எம் ஆலன் கீயால முடுக்கி அந்தப் பிசாசையே திரும்ப மாட்டிட்டேன். ரொம்ப முடுக்காதீங்க, வளையம் சின்னது, பேக்கிங்கிலயே 3-ல இருந்து 5 நியூட்டன் மீட்டர்னு போட்டிருக்கு, அதாவது கீயோட நீளக் கையை ரெண்டு விரலால அழுத்துற அளவு. பால்காரர் மாதிரி ரெக்கை மேல பழைய காட்டன் வேட்டித் துண்டைச் சுத்திப் பாத்தேன். தடிமன் ஏறிப் போச்சு, என் கை சின்னது, பிடிக்க முடியாம முழங்கை வரைக்கும் இறுகிடுச்சு, பிச்சிப் போட்டுட்டேன்.

டேய் மச்சான், இவ்ளோ படிச்சிருந்தா பதில் இதான்: வாங்காத. 799-க்கும் வாங்காத, 399-க்கு வந்தாலும் வாங்காத, ரப்பர் நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது. "அப்ப உன்னுதை எனக்குக் குடு, ஒரு வாரம் ஓட்டிப் பாக்கறேன்"ன்னு மட்டும் கேக்காத, தர மாட்டேன்.