இஸ்லா நெக்ரா: நெரூதாவின் கடல் வீட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

சிலியில் கவிஞர் பாப்லோ நெரூதாவின் மூன்று வீடுகள் அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. மூன்றையும் நெரூதா அறக்கட்டளை நடத்துகிறது. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் கடற்கரை ஊரான இஸ்லா நெக்ராவுக்குப் போங்கள். வாழ்வு, காதல், சாவு, கடல் என்று அவர் ஆயுள் முழுக்க எழுதிய எல்லாவற்றையும் இந்த வீட்டில் மரமாக, கல்லாக, கண்ணாடியாகப் பார்க்கலாம். ஆனால் அவசரமாகப் பார்த்தால் பழைய சாமான்கள் நிரம்பிய கடை போலத்தான் தெரியும்.

முதலில் போக்குவரத்து. தலைநகர் சாந்தியாகோவிலிருந்து ஏறக்குறைய 110 கிலோமீட்டர். அலமேதா பேருந்து நிலையத்தில் கடற்கரை ஊர்களுக்குப் போகும் வண்டியில் ஏறி, நெரூதா வீட்டுக்கு இறங்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். சாலை ஓரத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து கடல் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. ஜனவரி, பிப்ரவரி அங்கே கோடைக்காலம் என்பதால் கூட்டம் அலைமோதும். சிறு சிறு தொகுதியாகத்தான் உள்ளே விடுகிறார்கள், ஆகவே காலையில் திறக்கும்போதே போய்விடுவது நல்லது. கோடையிலும் காற்று குளிரும். மேல்சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். பாறைகளில் மோதும் அலை முரட்டு அலை, குளிக்கும் எண்ணத்தோடு போக வேண்டாம்.

நுழைவுச் சீட்டோடு காதில் கேட்கும் ஒலிவழிகாட்டிக் கருவியும் தருகிறார்கள். ஸ்பானிஷ், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், போர்ச்சுக்கீசியத்தில் கேட்கலாம். உள்ளே படம் எடுக்கக் கூடாது. இது நல்ல விதி. கைபேசி பைக்குள் போனால்தான் கண் வேலை செய்யும். கருவியோடு ஒரு சிக்கல் உண்டு. அது எந்தப் பொருளைச் சொல்கிறதோ அதை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு நகரத் தோன்றும். நடைவழிகள் குறுகல், பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், விட்டுவந்த அறைக்குத் திரும்புவது கடினம். அதனால் ஒவ்வொரு அறையிலும் நுழைந்ததும் ஒலியை நிறுத்துங்கள். முதலில் சன்னலைப் பாருங்கள், பிறகு கூரையை, அதற்குப் பிறகு கேளுங்கள்.

ஏன் சன்னல் என்றால், வீடு மொத்தமும் கடலை நோக்கியே கட்டப்பட்டிருக்கிறது. 1930களின் இறுதியில் ஒரு ஸ்பானிய மாலுமியிடமிருந்து வாங்கியபோது இது சிறிய கல்வீடு. ஸ்பெயினின் கட்டலோனியாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஹெர்மான் ரொத்ரீகஸ் அரியாஸ் 1940களில் அதைப் பெரிதாக்கினார். அதன் பிறகும் வீடு கப்பல் போல நீளவாக்கில் வளர்ந்துகொண்டே போனது. தாழ்ந்த கதவுகளும் ஒடுங்கிய நடையும் வேண்டுமென்றே செய்தவை. உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் குறுகிய படிகள் சிரமம் தரும்.

கூடத்தில் கப்பல்களின் முன்முனையில் பொருத்தப்படும் மரச்சிற்பங்கள் நிற்கின்றன. மரியா செலெஸ்தே என்ற பெண் உருவத்தின் முன் அதிக நேரம் நில்லுங்கள். குளிர்காலத்தில் கணப்பு எரியும்போது அதன் கண்ணாடிக் கண்களில் ஈரம் படிந்து, திரண்டு, கன்னத்தில் வழியுமாம். காரணம் தெரிந்த பிறகும் கவிஞர் அதை அழுகை என்றே எழுதினார். பொருளைப் பொருளாகப் பார்த்துக்கொண்டே அதற்கு உயிர் இருப்பதாக நம்புவதுதான் அவர் கவிதையின் வழி. அதை இந்த ஒரு சிற்பத்தில் கற்றுக்கொள்ளலாம்.

மதுக்கூடத்தில் எல்லோரும் வண்ணப் புட்டிகளைப் பார்ப்பார்கள். நீங்கள் உத்தரங்களைப் பாருங்கள். லோர்கா, எலுவார், மிகேல் எர்னாந்தெஸ் என்று இறந்துபோன கவிஞர் நண்பர்களின் பெயர்கள் மரத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. குடித்துச் சிரிக்கும் இடத்திலேயே இறந்தவர்களையும் உடன் வைத்துக்கொண்டார். சாவைப் பற்றி இந்த வீடு சொல்வதில் மிகச் சிறந்தது இதுதான், கல்லறையைவிடவும் என்பேன்.

அலையில் மிதந்து வந்த கப்பல் பலகையைக் கரையில் காத்திருந்து எடுத்து எழுதுமேசையாக்கியதைத் தவறவிட வேண்டாம். தகரக்கூரை போட்ட சிறிய எழுத்தறையையும் அப்படித்தான். பால்யம் கழிந்த தெமுக்கோவின் மழைச்சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகவே தகரம். சங்கு அறை அழகு, ஆனால் விரைவாகக் கடக்கலாம். அவருடைய பெரிய சங்குத் தொகுப்பு 1954லேயே சிலிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது.

வெளியே கல்லறை. நெரூதா 1973 செப்டம்பர் 23 அன்று, ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த பன்னிரண்டாம் நாள், சாந்தியாகோவில் இறந்தார். கடலைப் பார்த்துப் புதைக்கச் சொல்லிக் கவிதையில் கேட்டிருந்தும், அது நிறைவேற 1992 டிசம்பர் வரை ஆனது. மனைவி மத்தில்தே உருத்தியாவும் பக்கத்தில் இருக்கிறார். நஞ்சு கொடுத்தார்களா என்ற ஐயத்தால் 2013இல் உடலைத் தோண்டி எடுத்து, 2016இல் மீண்டும் புதைத்தார்கள். அந்த விவகாரம் இன்னும் ஓயவில்லை. இதெல்லாம் தெரிந்து நின்றால் அங்கே பார்ப்பது வேறு.

குறை என்று ஒன்று உண்டு. இந்த வீடு கவிஞர் தானே தேர்ந்தெடுத்து அடுக்கியது. தன்னைப் பற்றி அவர் சொல்ல விரும்பியதைத்தான் அது சொல்லும். காதல் என்றால் மத்தில்தே முன்னால் நிற்கிறார். ஆனால் இந்த வீட்டை ஆரம்பத்தில் நெரூதாவோடு வாழ்ந்து உருவாக்கியவர் முந்தைய மனைவி டெலியா தெல் கர்ரில். நோயோடு பிறந்து, தந்தை விட்டுச்சென்ற நிலையில் 1943இல் எட்டு வயதில் இறந்த நெரூதாவின் மகள் மால்வா மரீனாவையும் நினைக்க வேண்டும். தமிழர் நமக்கு இன்னொன்றும் இருக்கிறது. 1929–30இல் கொழும்பில் சிலியின் கன்சலாக (துணைத் தூதராக) இருந்து வெள்ளவத்தைக் கடற்கரையில் வசித்தபோது, கழிப்பறை வாளியை எடுக்க வந்த ஒடுக்கப்பட்ட சாதித் தமிழ்ப் பெண் ஒருவரைத் தான் வல்லுறவு செய்ததை அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயர்கூட அதில் இல்லை. 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயர் வைக்கும் யோசனை வந்தபோது சிலிப் பெண்கள் எதிர்த்தது இதனால்தான். இதைத் தெரிந்துகொண்டு போங்கள். கவிதையை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த வீட்டின் அழகை அவள் இல்லாத அழகாகப் பார்க்கக் கூடாது என்கிறேன்.

உள்ளே ஒரு மணி நேரம், தோட்டத்துக்கும் கடற்கரைப் பாறைகளுக்கும் இன்னொரு மணி நேரம் ஒதுக்குங்கள். தோட்டத்தில் நிற்கும் பழைய நீராவி எந்திரத்தையும் மணிகளையும் குழந்தைகள் விரும்புவார்கள். அறைகளுக்குள் அவர்கள் பொறுமை இழக்கலாம். சாந்தியாகோவை விட்டு வெளியேற முடியாதவர்களுக்கு அந்நகரின் பெய்யாவிஸ்தா பகுதியில் லா சஸ்கோனா என்ற அவரது இன்னொரு வீடு இருக்கிறது, வால்பராய்சோ போகிறவர்களுக்கு மூன்றாவது வீடான லா செபஸ்தியானா. வெளியூர் விடுமுறைக்காரர்கள் திரும்பும் ஞாயிறு மாலையில் வண்டியில் இடம் கிடைப்பது கடினம். திரும்பும் சீட்டையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.