குறை சொல்பவருக்கு எந்தக் களம் நல்லது? நான்கு தொழில்நுட்பத் தளங்களின் ஒப்பீடு

2007 ஏப்ரலில் ட்ரூ ஹூஸ்டன் தான் உருவாக்கிக்கொண்டிருந்த, கோப்புகளை இணையத்தில் சேமித்து எல்லாக் கணினிகளிலும் கிடைக்கச் செய்யும் டிராப்பாக்ஸை, தொழில்நுட்பச் செய்திகளை விவாதிக்கும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் அறிமுகப்படுத்தினார். அதற்கு வந்த ஒரு மறுமொழி இன்றுவரை பேசப்படுகிறது. லினக்ஸ் இயங்குதளம் தெரிந்தவர் எஃப்டிபி எனும் கோப்புப் பரிமாற்றக் கணக்கு ஒன்றை எடுத்து, அதைத் தன் கணினியோடு இணைத்து, மேலே எஸ்விஎன், சிவிஎஸ் போன்ற, கோப்பின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருளைப் போட்டுக்கொண்டால் இதே வசதி சுலபமாகக் கிடைத்துவிடுமே என்றார் ஒருவர். 2018ல் டிராப்பாக்ஸ் பங்குச்சந்தைக்குப் போனது. விவரம் தெரிந்தவர்கள் எவ்வளவு தவறாகக் கணிப்பார்கள் என்பதற்கு இந்த மறுமொழியைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அதை முழுதாகப் படித்தால் வேறொரு காட்சி தெரியும். அதில் இருந்தவை மூன்று குறைகள். மற்ற இரண்டில் ஒன்று, இணையம் கிடைக்காத இடத்தில் யுஎஸ்பி டிரைவுக்கு இது மாற்றாகாது என்பது. இன்னொன்று, இதிலிருந்து வருமானம் எப்படி வரும் என்ற கேள்வி. ஹூஸ்டன் பொறுமையாகப் பதில் சொன்னார். குறை சொன்னவரும், விண்டோஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இது நல்ல வசதிதான் என்று ஒப்புக்கொண்டார். இனி வரப்போகும் விமர்சனங்களை முன்கூட்டியே காட்டத்தான் எழுதினேன் என்று வாழ்த்தி விடைபெற்றார். கணிப்பு தவறியது உண்மை. ஆனால் ஒரு பொருளை உருவாக்குகிறவருக்கு இதைவிட உதவியான வாக்குவாதம் கிடைப்பது அரிது.

அதனால்தான் குறை சொல்பவர்களை நான் மதிக்கிறேன். ஒரு மென்பொருள் எங்கே உடையும், எந்த நிறுவனம் எதை மறைக்கிறது என்பதெல்லாம் முதலில் வெளியே வருவது எரிச்சலோடு எழுதப்பட்ட நாலு வரியில்தான். அந்த நாலு வரி பிழைக்குமா, புதைந்துபோகுமா என்பதை எழுதியவரின் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தத் தளம் வாக்கை எப்படி எண்ணுகிறது, யாருக்கு என்ன அதிகாரம் தருகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. வாசகர்கள் செய்திகளைப் பகிர்ந்து மறுமொழி எழுதும் ஸ்லாஷ்டாட், ரெடிட், ஹேக்கர் நியூஸ், லாப்ஸ்டர்ஸ் ஆகிய நான்கு தளங்களையும் இந்தக் கண்ணோட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: பலருக்குப் பிடிக்காத, ஆனால் ஆதாரமுள்ள ஒரு குறை அங்கே தாக்குப்பிடிக்குமா?

வயதில் மூத்தது ஸ்லாஷ்டாட். 1997ல் ராப் மால்டா தொடங்கியது. தவறான கணிப்புக்கு அவரும் பெயர்பெற்றவர்தான். 2001ல் பாட்டுக் கேட்கும் கருவியான ஐபாட்டை ஆப்பிள் வெளியிட்ட அன்று, அப்போதைய போட்டிக் கருவியான நோமேடோடு ஒப்பிட்டு, "வயர்லெஸ் இல்லை, நோமேடைவிட இடம் குறைவு, தேறாது" என்ற பொருளில் அவர் எழுதிய வரியும் டிராப்பாக்ஸ் மறுமொழியைப் போலவே அழியாமல் நிற்கிறது. ஆனால் அவருடைய தளம் மறுமொழிகளை மதிப்பிட அமைத்த முறை அசாத்தியமானது. ஒவ்வொரு மறுமொழிக்கும் −1 முதல் 5 வரை மதிப்பெண். அதற்கு மேலும் போகாது, கீழும் போகாது. வாக்களிக்கும் உரிமை எல்லோருக்கும் எப்போதும் இருக்காது. தொடர்ந்து வாசிப்பவர்களில் சிலருக்குத் திடீரென்று சில புள்ளிகள் கிடைக்கும். சில நாட்களுக்குள் செலவழிக்காவிட்டால் அவை காலாவதியாகிவிடும். ஒரு விவாதத்தில் நீங்கள் எழுதினால் அதே விவாதத்தில் மதிப்பெண் போட முடியாது. சண்டையில் இறங்கியவர் நடுவராக இருக்கக்கூடாது என்ற நியாயம்.

இதைவிட முக்கியமானது, வெறும் எண்ணை மட்டும் அங்கே போட முடியாது என்பது. ஒரு முத்திரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்றுவதற்கு நுண்ணறிவுள்ளது, தகவல் தருவது, சுவையானது, நகைச்சுவை. இறக்குவதற்கு தலைப்புக்குப் புறம்பானது, வம்பிழுப்பது, ட்ரோல், ஏற்கனவே சொன்னது. இந்தப் பட்டியலில் 'எனக்கு உடன்பாடில்லை' என்ற முத்திரை கிடையாது. ஒருவர் உங்கள் அபிமான இயங்குதளத்தைத் திட்டியதற்காக நீங்கள் அவரை இறக்க நினைத்தால், அவர் வம்பிழுத்தார் என்றோ தலைப்பை விட்டு விலகினார் என்றோ பொய் சொல்லியாக வேண்டும். அந்தப் பொய்யைச் சரிபார்க்கவும் 1999ல் ஒரு ஏற்பாடு வந்தது. மதிப்பெண் போட்டவர் நியாயமாகப் போட்டாரா என்று வேறு வாசகர்கள் மதிப்பிடுவார்கள். வாசிப்பவரும் தனக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம்: நகைச்சுவைக்கு மதிப்பைக் குறை, தகவலுக்குக் கூட்டு, 3க்குக் கீழே எதையும் காட்டாதே.

குறைகளும் உண்டு. 'மிகையாக மதிப்பிடப்பட்டது' என்று ஒரு முத்திரையும் இருக்கிறது. அது காரணம் எதையும் சொல்லாது. உடன்பாடின்மை பின்வாசல் வழியாக நுழைய அது போதும். 2004ல் கிளிஃப் லாம்பே, பால் ரெஸ்னிக் இருவரும் இந்த முறையை ஆராய்ந்தார்கள். நல்லதையும் கெட்டதையும் இது பெரும்பாலும் ஒரே சீராகப் பிரிக்கிறது என்றார்கள். ஆனால் மிக நல்ல மறுமொழிகளை அடையாளம் காண வெகு நேரம் ஆகிறது, தவறாகப் போட்ட மதிப்பெண் பல சமயம் திருத்தப்படுவதே இல்லை, தாமதமாக வருபவற்றுக்கும் பதிலுக்குப் பதிலாக நீளும் இழையின் ஆழத்தில் இருப்பவற்றுக்கும் சம கவனம் கிடைப்பதில்லை என்றும் கண்டார்கள். இந்தக் கடைசி விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன்.

ரெடிட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு விஷயத்துக்கும் தனிக்குழு உள்ள தளம் அது. கணக்கு வைத்திருக்கும் யாரும் ஏற்றலாம், இறக்கலாம். பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் இறக்காதீர்கள் என்று அதன் நடத்தைக் குறிப்பே கேட்டுக்கொள்கிறது. யாரும் கேட்பதில்லை. அங்கே நான் மெச்சுவது 2009ல் வந்த வரிசைமுறையை. மொத்த வாக்கைப் பார்க்காமல், ஏற்றிய விகிதத்தையும் அதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். 20 வாக்கில் 18 ஆதரவு பெற்ற மறுமொழி, 100 வாக்கில் 60 ஆதரவு பெற்றதைத் தாண்டி மேலே வந்துவிடும். முதலில் வந்து இடம் பிடித்தவரைப் பின்னால் வந்தவர் முந்த ஒரு வழி கிடைக்கிறது. ஆனால் இதே கணக்கு சர்ச்சைக்குரிய குறைக்கு எதிரி. பாதிப்பேர் ஏற்று, பாதிப்பேர் மறுக்கும் கருத்து எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும் கீழேதான் கிடக்கும். குழுவின் அபிமானப் பொருளைக் குறை சொன்னால் பாதி ஆதரவுகூடக் கிடைக்காது. அந்தப் பொருளை விரும்புகிறவர்கள்தானே அங்கே கூடியிருக்கிறார்கள்.

ஹேக்கர் நியூஸ் 2007 பிப்ரவரியில் பால் கிரஹாம் தொடங்கியது. பார்வைக்கு எளிமையான தளம், ஆனால் உள்ளே பல தடுப்புகள். மற்றவர்கள் போடும் வாக்குகளால் சேரும் புள்ளிக்கு அங்கே கர்மா என்று பெயர்; இறக்கும் அம்புக்குறி 500 கர்மாவைத் தாண்டினால்தான் கண்ணில் படும். உங்களுக்கே நேராகப் பதில் சொன்னவரை உங்களால் இறக்க முடியாது. 2011லிருந்து ஒரு மறுமொழிக்கு எத்தனை வாக்கு என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். இழை சூடாகிப் பதிலுக்குப் பதில் பறக்கத் தொடங்கினால், பதில் எழுதும் பொத்தான் சற்று நேரம் கழித்துத்தான் தோன்றும். வாக்குகளைவிட மறுமொழிகள் அதிகமாகக் குவிந்த செய்தி முதல் பக்கத்திலிருந்து தானாகவே சரியும். அது விவாதம் இல்லை, சண்டை என்று தளம் கருதுகிறது.

எழுதிவைத்த விதிகளும் சாதாரணமானவை அல்ல. எதிராளி சொன்னதற்கு இருக்கக்கூடிய மிக வலுவான பொருளை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்லுங்கள் என்பது ஒன்று. தமிழில் வாதம் செய்யும் நாமும் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய வரி அது. கட்டுரையைப் படித்தாயா என்று கேட்காதே, வாக்கு விழுந்ததைப் பற்றிப் புலம்பாதே, பக்கத்தின் வடிவமைப்பு, பின்செல்லும் பொத்தான் வேலை செய்யாதது போன்ற ஒட்டாத குறைகளைக் கொண்டுவராதே என்பவை வேறு சில. பல ஆண்டுகளாக விவாதங்களை ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநரான டேனியல் கேக்கல் இழைக்குள் வந்து, தவறியவரிடம் நேரில் பேசி, எந்த விதி என்று சுட்டிக்காட்டியிருக்கிறார். நீக்குவதற்கு முன் பேசுவது பெரிய வேலை. அதைச் சளைக்காமல் செய்த மனிதரை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இத்தனை இருந்தும், வாக்கு என்ற இடத்தில் ஹேக்கர் நியூஸ் ஊமை. இறக்கப்பட்ட மறுமொழி மெல்ல மெல்ல வெளிறும். ஏன் என்று சொல்லாது. மொழி முரட்டுத்தனமா, தகவல் தவறா, அல்லது அந்த நேரத்தில் படித்த ஐந்து பேருக்கு, குறை சொல்லப்பட்ட நிரலாக்க மொழி உயிரா? எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறம்.

இது ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது என்றால், அனுபவம். ஒரு காப்புநகல் மென்பொருளின் புதிய பதிப்பு என் பழைய நகல்களை அழித்துவிட்டது. ஒரு விவாதக் களத்தில் பதிப்பு எண், நான் செய்த படிகள், பிழைச் செய்தி எல்லாவற்றோடும் எழுதினேன். ஆனால் முதல் வரியில் கோபம். அதை எழுதியவர்கள் சோதித்தே பார்க்கவில்லை என்று தொடங்கிவிட்டேன். கால் மணி நேரத்தில் −3. தகவலை நம்பவில்லை போல என்று நினைத்து ஒதுங்கிவிட்டேன். மறுநாள் வேறொரு விவாதத்தில், அந்த முதல் வரி இல்லாமல் மற்றதை அப்படியே போட்டேன். ஒருவர் வந்து, நாம் மாற்றாவிட்டால் தானாகவே அமையும் ஒரு தெரிவு புதிய பதிப்பில் மாறியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். தப்பு தகவலில் இல்லை, தொனியில்தான் என்று அன்றே ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். என்னைப் போலவே நகலை இழந்துகொண்டிருந்த மற்றவர்களுக்கும்தான்.

இந்த இடத்தில் லாப்ஸ்டர்ஸ் எனக்குப் பிடிக்கிறது. 2012ல் தொடங்கிய சிறிய தளம். ஒரு மறுமொழி சரியில்லை என்று கொடியிட்டால் காரணம் சொல்லியே ஆக வேண்டும்: தலைப்புக்குப் புறம்பு, வெறும் ஆமோதிப்பு, ட்ரோல், அன்பற்றது, குப்பை விளம்பரம். என் காப்புநகல் புலம்பல் அங்கே விழுந்திருந்தால் 'அன்பற்றது' என்று வந்திருக்கும். நானும் அந்த வரியை எடுத்திருப்பேன். மட்டுறுத்துநர்கள் செய்யும் நீக்கங்கள் பொதுப் பதிவேட்டில் காரணத்தோடு நிற்கும். ஏற்கனவே உள்ளவர் அழைத்தால்தான் சேர முடியும். யார் யாரை அழைத்தார் என்ற மரமும் வெளிப்படையாக இருக்கும். அழைத்தவர் பெயர் பக்கத்திலேயே தெரியும்போது வம்பிழுக்கக் கை தயங்கும்.

ஆனால் அந்த வாசல் ஒடுக்கமானது. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு, துறைக்கு வெளியே இருக்கும் பயனருக்கு அழைப்பு கிடைப்பது கஷ்டம். நிறுவனங்களின் வணிகச் செய்திகளை அங்கே தலைப்புக்குப் புறம்பானதாகவே பார்ப்பார்கள். ஒரு நிறுவனம் சந்தாவைத் திடீரென்று மாற்றியது, தரவைக் கேட்காமல் எடுத்தது போன்ற குறைக்கு அங்கே இடம் குறைவு. அந்தக் குறைகளுக்கு ஹேக்கர் நியூஸ்தான் சரி. அந்த நிறுவனத்தில் வேலை செய்தவரே இறங்கிவந்து உள்விவரம் சொல்வது அங்கே பலமுறை நடக்கிறது.

வழக்கமாக வரும் குறைகளை எடுத்து நான்கிலும் போட்டுப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 'இதை நானே ஒரு வார இறுதியில் எழுதிவிடுவேன்' என்பது ரெடிட்டில் கிண்டலுக்கு ஆளாகும். ஹேக்கர் நியூஸில் வெளிறுவதற்கு முன், எழுதிப் பார்த்த ஒருவர் வந்து எங்கெல்லாம் இடறும் என்று பட்டியலிடுவார். அந்தப் பட்டியல் பல நேரம் மூலக் கட்டுரையைவிட உயர்ந்தது. தலைப்பை மட்டும் படித்துவிட்டு எழுதும் ஆவேசம் ரெடிட்டில்தான் அதிகம் ஜெயிக்கிறது. முதல் அரைமணி நேரத்தில் வருபவர்களும் தலைப்பை மட்டும்தான் படித்திருக்கிறார்கள். 'இதெல்லாம் முப்பது வருஷத்துக்கு முன்பே பார்த்தாச்சு' என்று பழையவர் சொல்லும் குறைக்கு ஸ்லாஷ்டாட்தான் வீடு. நுண்ணறிவு முத்திரையோடு 5ல் போய் நிற்கும். லாப்ஸ்டர்ஸில் பழைய கட்டுரையின் இணைப்பைக் கொடுக்காமல் அதைச் சொன்னால் எடுபடாது.

அப்படியானால் என் தேர்வு? நிரல், நிரல் நூலகம், கணினித் தொடர்பு நெறிமுறை பற்றிய குறை என்றால் லாப்ஸ்டர்ஸ். நிறுவனத்தின் நடத்தை பற்றியது என்றால் ஹேக்கர் நியூஸ். கையில் இருக்கும் சாதனம் வேலை செய்யவில்லை, இன்னும் யாருக்காவது இப்படி ஆகிறதா என்று கேட்பதற்கு ரெடிட்டின் தனிக்குழு. தலைகள் எண்ணிக்கைதான் அங்கே பலம். ஸ்லாஷ்டாட்டில் இன்று பழைய கூட்டம் இல்லை, அதனால் அங்கே போங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் முத்திரைகளை ஹேக்கர் நியூஸ் எடுத்துக்கொண்டால் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு அங்கேயே இருந்துவிடுவேன்.

தாமதமாக வரும் நல்ல குறையை மட்டும் நான்கில் எதுவும் சரியாகக் காப்பாற்றவில்லை. மென்பொருளை உண்மையாகவே நிறுவி, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, உடைந்த இடத்தைக் குறித்துக்கொண்டு எழுத வருபவர் வந்துசேரும்போது செய்தி முதல் பக்கத்தை விட்டுப் போயிருக்கும். அதனால் முக்கியமான இழைகளைக் குறித்துவைத்து மூன்றாம் நாள் திரும்பப் போகிறேன். வரிசையை மாற்ற முடிகிற தளத்தில் புதியதிலிருந்து பழையதாக மாற்றிவிட்டு, கவனம் பெறாத மறுமொழிகளிலிருந்து படிக்கத் தொடங்குகிறேன். நிறுவிப் பார்த்தவர் எழுதியது இருந்தால், பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஏற்றும் அம்புக்குறியை அழுத்திவிட்டு, என்ன பயன்பட்டது என்று ஒரு வரியும் எழுதிவிட்டு வருகிறேன்.