தாய் பிரித்த பன்றிக்குட்டிகளுக்குப் புரதம் குறைத்த தீவனம்: பல ஈத்து கொடுத்துப் பார்த்தபின்

மதுரை திருமங்கலம் பக்கம் வெண்பன்றி வளர்க்கிறேன். சின்னப் பண்ணைதான், குட்டி எடுப்பதும் கறிக்கு வளர்ப்பதும் ஒரே வளாகத்தில். தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்குப் புரதத்தைக் குறைத்து, குறைந்த இடத்தை அமினோ அமிலங்களால் (புரதம் இந்தச் சிறு கூறுகளால்தான் ஆனது) ஈடுகட்டிய தீவனத்தைப் பல ஈத்தாகக் கொடுத்து வருகிறேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கழிச்சல் நன்றாகக் குறைந்தது. முதல் இரண்டு வாரம் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, அதற்கப்புறம்தான் தெரிந்தது. பன்றிக் காய்ச்சலுக்கும் (மனிதருக்கு வருவது இல்லை, பன்றிகளைக் கொல்லும் வேறு வைரஸ் நோய்) இருமலுக்கும் இந்தத் தீவனத்தால் ஒன்றும் ஆகாது.

எங்கள் ஊர்ப் பக்கம் குட்டி மெலிந்தால் முதலில் சொல்லும் யோசனை புண்ணாக்கைக் கூட்டு என்பதுதான். பக்கத்துப் பண்ணை அண்ணன் இன்றைக்கும் அதையே சொல்வார், "சோயாவை இன்னும் ரெண்டு கிலோ சேர்த்துப் போடு தம்பி, தன்னால தேறிரும்." நோய் இல்லாத, காய்ந்த, இடம் தாராளமாக உள்ள கொட்டகையில் அது சரிதான். ஆனால் ஒரு ஈத்து போக அடுத்த ஈத்து அதே தரையில் படுக்கிற நம் கொட்டகைகளில் கிருமி எப்போதும் இருந்துகொண்டேதான் இருக்கும், அங்கே அந்தக் கணக்கு செல்லாது. பால் நின்ற அன்றே தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சத்தும் நின்றுவிடுகிறது. குட்டியின் இரைப்பையில் அமிலம் இன்னும் போதிய அளவு சுரக்கத் தொடங்கியிருக்காது. அந்த வயிற்றில் புரதத்தைத் திணித்தால் பாதி செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அழுகும், அங்கே கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை கிருமிக்கு அதுதான் சாப்பாடு. வால் நனைந்து, விலா ஒட்டி, முடி சிலிர்த்து, மற்ற குட்டிகளுக்கு அடியில் புகுந்து படுக்கிற குட்டியைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது. கழிச்சல் நின்ற பிறகும் சில குட்டிகள் வளராமலே நிற்கும், தின்னவும் தின்னும், ஆனால் தேறாது. பல்கலைக்கழகப் பயிற்சியில் ஒரு கால்நடை மருத்துவர் விளக்கியபோதுதான் தெளிந்தது. உடம்பு கிருமியோடு சண்டை போடும்போது தின்பதில் ஒரு பங்கு வளர்ச்சிக்குப் போகாமல் எதிர்ப்புக்குப் போய்விடும். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே உடம்பின் ஆற்றல் செலவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. குடல் சுவரைக் காக்கிற சளிக்குத் திரியோனின் என்ற அமினோ அமிலம் நிறைய வேண்டும். எதிர்ப்புப் புரதங்களுக்கு டிரிப்டோபன் என்ற இன்னொரு அமினோ அமிலம் வேண்டும், தசையில் அது கொஞ்சம்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் டிரிப்டோபனுக்காக நிறையத் தசையைக் கரைக்கிறது உடம்பு. அதனால்தான் நோய் கண்ட குட்டியின் தொடையும் முதுகும் வற்றிப் போகிறது. மொத்தப் புரதத்தை ஏற்றுவதால் இந்தக் குறை தீராது, குறைகிற அமினோ அமிலங்களைத்தான் தனியாகச் சேர்க்க வேண்டும்.

நான் கலக்குவது 100 கிலோவுக்கு ஏறக்குறைய இப்படி: மக்காச்சோளமும் குருணையும் சேர்ந்து 60 கிலோ, சோயா புண்ணாக்கு 20, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 4, கோதுமைத் தவிடு 5, பால் பவுடர் 3, எண்ணெய் 3, மீதி தாது உப்பு, வைட்டமின், அமிலக் கலவை. இதோடு அமினோ அமிலங்களில் லைசின் 400 கிராம், திரியோனின் 150, மெத்தியோனின் 100, டிரிப்டோபன் 50 கிராம். புரதம் 18 சதவீதம் சுமாருக்கு வரும், முன்னால் நான் கொடுத்த கடைத் தீவனத்தில் 22 இருந்தது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் சோளத்தையும் புண்ணாக்கையும் பொறுத்து மாறும், ஆய்வகத்தில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தாது உப்போடு சேர்க்கும் சுண்ணாம்புத்தூள் அளவைக் குறைத்தது நல்ல பலன் தந்தது, அது வயிற்று அமிலத்தை முறிக்கிற சரக்கு. கருவாடு உப்புப் போட்டதாக இருந்தால் வேண்டவே வேண்டாம், தண்ணீர் தட்டுப்பட்ட நாளில் குட்டி வலிப்பு வந்து விழும்.

கலப்பதில்தான் உயிரே இருக்கிறது. 50 கிராம் டிரிப்டோபனை நேராக நூறு கிலோ குவியலில் கொட்டினால் ஒரு குட்டிக்கு எல்லாம், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். முதலில் எல்லாப் பொடியையும் ஒரு கிலோ சோள மாவில் கையால் பிசிறிக் கலந்து, அதைப் பத்துக் கிலோவில் கலந்து, பிறகுதான் தார்ப்பாயில் விரித்த குவியலில் சேர்த்து மண்வெட்டியால் புரட்டிப் போடுகிறோம். வீட்டில் என் மனைவிதான் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டி வைப்பார், அவர் கை பட்ட கலவையில் இதுவரை கோளாறு வந்ததில்லை.

முதலில் மாறியது சாணம்தான். பிரித்த நாலைந்து நாளில் வரும் மஞ்சள் தண்ணிக் கழிச்சல் நின்று, களிமாதிரி இறுகியது. கொட்டகையின் நெடியும் குறைந்தது, காலையில் உள்ளே போனால் கண் எரிவதில்லை. ஆன்டிபயாடிக் வாங்குவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இதை நான் பெரிதாக நினைக்கிறேன். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019 ஜூலையிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது, கழிச்சலுக்கு அதிக அளவில் துத்தநாக ஆக்சைடு போடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனோடு நிறுத்திவிட்டது. அதையெல்லாம் நம்பிக் குட்டி வளர்க்கிற காலம் போய்விட்டது.

எடை விஷயத்தில் பொறுமை வேண்டும். முதல் பத்துப் பதினைந்து நாளில் சோயா தூக்கலாகப் போட்ட குட்டிகளில் நோய் வராத ஒன்றிரண்டு நம்முடையதைவிடப் பளபளப்பாகவே இருக்கும், அதைப் பார்த்து மனசு மாறக் கூடாது. ஈத்து முழுவதும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனக்கு இப்போது வாங்க வருகிற கேரள வியாபாரி கடைசிக் குட்டியை ஒதுக்கித் தள்ளுவதில்லை, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கின்றன.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சித்திரை வெயிலில் கருப்புத் தொட்டித் தண்ணீர் கையை வைக்க முடியாமல் சுடும், குட்டி தண்ணீர் குடிக்கும் நிப்பிளைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும், குடிக்காத குட்டி தின்னாது. தொட்டிக்கு மேல் தென்னங்கீற்றுப் போட்டு, குழாயை மண்ணுக்குள் இறக்கியபிறகு மதியத் தீனி ஒழுங்காக இறங்குகிறது. ஐப்பசி கார்த்திகையில் பிரச்சினை வேறு: ஈரச் சோளத்தில் பூஞ்சை. அந்தப் பூஞ்சை விடும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு குட்டியின் எதிர்ப்புச் சக்தியையே தின்றுவிடும், தடுப்பூசி போட்டும் சரியாகப் பிடிக்காது. கடலைப் புண்ணாக்கிலும் இதே நஞ்சு இருக்கும் என்பதால் அந்த மாதங்களில் அதைக் குட்டித் தீவனத்தில் சேர்ப்பதே இல்லை.

பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி, பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி, ஈத்துக்கு ஈத்து கொட்டகையைக் காலி செய்து கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் காயவிடுவது, இதெல்லாம் இருந்தால்தான் நான் சொல்கிற தீவனம் வேலை செய்யும். மதுரை ஓட்டல் எச்சில் சோறு மலிவாகக் கிடைக்கிறதே என்று குட்டிகளுக்குக் கொடுக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் (நாம் தடுப்பூசி போடும் பன்றிக் காய்ச்சல் இல்லை, வேறு வைரஸ்) 2020-ல் அசாம், அருணாசலப் பக்கம் நுழைந்து, 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றி வரை வந்துவிட்டது, நம் நாட்டில் அதற்குத் தடுப்பூசி இல்லை. எச்சிலில் வருகிற பன்றி இறைச்சித் துண்டு ஒன்று போதும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 90 டிகிரியில் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே காய்ச்சி, பெரிய பன்றிகளுக்கு மட்டும் கொடுங்கள்.

செலவு: லைசினும் மெத்தியோனினும் நாமக்கல் கோழித் தீவன வியாபாரத்தால் எளிதாகக் கிடைக்கின்றன. டிரிப்டோபன்தான் விலை கடிக்கும், முழு மூட்டையாக வாங்கினால் சின்னப் பண்ணைக்குத் தீருவதற்குள் கெட்டுவிடும். நாங்கள் இரண்டு மூன்று பண்ணைக்காரர்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். குட்டி 25 கிலோ தொட்டதும் டிரிப்டோபனையும் பால் பவுடரையும் நிறுத்திவிட்டுச் சாதாரண வளர்தீவனத்துக்கு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடுகிறேன், அதற்கு மேல் கொடுப்பது வீண் செலவு.