மூன்று ஆண்டுகள் உப்புத்தண்ணீரில் இறங்கிய படகு ட்ரெய்லர்: ஒரு மதிப்புரை

பழைய ட்ரெய்லரை விற்க முனைந்தபோது, பார்க்க வந்தவர் சேஸிஸின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிக்கொண்டே போனார். அச்சுக்குச் சற்று முன்னால் ஓரிடத்தில் ஓசை மாறியது. அடுத்த தட்டில் முனை உள்ளே இறங்கிவிட்டது. வெளியே பெயின்ட் உரியாமல் பளபளவென்று இருந்த அந்தச் சதுரக் குழாய், உள்ளே தேங்கிய உப்புத்தண்ணீரால் காகிதத் தடிமனுக்கு அரிக்கப்பட்டிருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பின் நான் வாங்கிய ட்ரெய்லர் இப்போது மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டது. படகு ட்ரெய்லருக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். போன தண்ணீர் வெளியேற வழி இருக்கிறதா, அது தொட்ட இடத்தையெல்லாம் நம் கையும் கண்ணும் எட்டுமா என்பதையே இந்த முறை அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

என்னுடையது 5.5 மீட்டர் நீளமுள்ள, அவுட்போர்டு எஞ்சின் (பின்முனையில் வெளியே மாட்டும் வகை) பொருத்திய ஃபைபர் படகு. அதைச் சுமப்பது ஒற்றை அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் டிஸ்க் பிரேக்கும் கொண்ட, கால்வனைஸ் செய்யப்பட்ட, அதாவது துத்தநாகப் பூச்சேறிய, இரும்பு ட்ரெய்லர். வாங்கும் முன் எடைக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், ஏனெனில் விற்பனையாளர்கள் சொல்லும் படகு எடை பெரும்பாலும் எஞ்சினோ எரிபொருளோ இல்லாத வெறும் உடலின் எடையாகவே இருக்கிறது. வெற்றுப் படகு 650 கிலோ, எஞ்சின் 160 கிலோ, 90 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 67 கிலோ, பேட்டரி, நங்கூரம், சங்கிலி, கயிறு, உயிர்காப்பு அங்கிகள் என்று மேலும் 100 கிலோ. மொத்தம் 977 கிலோ. ட்ரெய்லரின் சொந்த எடையான 300 கிலோவையும் சேர்த்தால் 1,277 கிலோ. இந்த ட்ரெய்லரின் மொத்த எடை வரம்பு 1,500 கிலோ என்பதால் 15 சதவீதத்துக்கு நெருக்கமான இடைவெளி மிஞ்சுகிறது. அந்த 1,500 என்பது ட்ரெய்லரின் எடையையும் உள்ளடக்கியது என்பதைக் கவனிக்காமல், அவ்வளவையும் படகுக்கே ஒதுக்கிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதன் தகட்டில் சுமக்கும் திறனும் மொத்த வரம்பும் தனித்தனியே பொறிக்கப்பட்டிருப்பது நல்ல பழக்கம்.

சேஸிஸ் குழாயாக இல்லாமல், ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் வடிவத்தில் இருக்கிறது. துளையிடுதலும் வெல்டிங்கும் முடிந்த பின்னரே, ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முழுவதுமாக முக்கி எடுத்திருக்கிறார்கள். ஆகவே வெல்டிங் மூலைகளிலும் துளைகளின் உள்விளிம்புகளிலும் பூச்சு ஏறியிருக்கிறது. எங்காவது கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். கரையேறிய பின் நல்ல தண்ணீர் ஹோஸைப் பிடித்தால் நான் பார்க்க முடியாத பரப்பு என்று அதில் ஏதுமில்லை. அலுமினிய ட்ரெய்லர் எடை குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் உப்புத்தண்ணீரில் நேராகத் தொட்டுக்கொண்டால் அலுமினியமே கரையும் என்பதால், அதை வாங்குகிறவர் ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் நைலான் வாஷர் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பட்டை ஸ்பிரிங்குகளைப் பொறுத்தவரை, பட்டைகளுக்கு இடையே ஈரம் தங்குவதை எந்தப் பூச்சாலும் தடுக்க முடியவில்லை. இரண்டாம் ஆண்டிலேயே பழுப்புக் கோடு தெரிந்தது. ஆயினும் தனியே கழற்றி மாற்றக்கூடிய பாகம் அது. அச்சுக் குழாய்க்குள் ரப்பர் வைத்த டார்ஷன் வகை அதிர்வைக் குறைக்கும் என்றாலும், குழாய் துருப்பிடித்தால் அச்சையே மாற்ற நேரும் என்பதால் அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

படகு ட்ரெய்லரைப் பாதி வழியில் நிறுத்துவது பெரும்பாலும் சக்கர பேரிங்தான். இரண்டு மணி நேரம் ஓட்டிவந்து கரையில் நிறுத்தியதும் ஹப்பின், அதாவது பேரிங் இருக்கும் சக்கர மையத்தின், மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் ஹப்புக்குள் இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, பின்பக்க சீல் (ரப்பர் அடைப்பு) வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பழைய ட்ரெய்லரில் ஒருமுறை மூடியைத் திறந்தபோது கிரீஸ் பால் நிறத்தில் வெளுத்திருந்தது. துடைத்துப் பார்த்தால் உருளைகளில் துருப்புள்ளிகள். புதியதில் ஸ்பிரிங் அழுத்தமுள்ள மூடி இருக்கிறது. அது உள்ளே இருக்கும் கிரீஸை எப்போதும் சிறிது அழுத்தத்தில் வைத்திருப்பதால் தண்ணீருக்கு இடம் கிடைப்பதில்லை. அதன் நன்மையை நம்பி முதல் ஆண்டில் நானே ஒரு தவறு செய்தேன். நிறைய இருந்தால் நல்லதுதானே என்று கிரீஸ் துப்பாக்கியை அளவுக்கு மீறி அழுத்தியதில், பின்பக்க சீல் பிதுங்கி, சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்தது. முன்னால் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. மண்டியிட்டு அடியில் பார்த்தால்தான் தெரியும். இப்போது மூடியின் தட்டு லேசாக வெளியே நகர்ந்ததும் நிறுத்திவிடுகிறேன். கரையில் ஹப் ஆறும் வரை பொறுத்துத்தான் இறக்குகிறேன். பேரிங் பொருத்திக் கிரீஸ் நிரப்பிய உதிரி ஹப் ஒன்று எப்போதும் வண்டியில் கிடக்கிறது.

படகின் அடியைத் தாங்கும் பலகைகள் விஷயத்தில் தயாரிப்பாளர் மீது எனக்கு வருத்தம் உண்டு. ட்ரெய்லர் வந்தபோது, பலகைகள் படகின் பின்முனைக்கு ஒரு சாண் முன்னதாகவே முடிந்திருந்தன. எஞ்சினின் எடை முழுவதும் தொங்குவது அந்த ஒரு சாணில்தான். மாதக்கணக்கில் அப்படியே நின்றால் அடிப்பரப்பு மெல்ல வளைந்துவிடும். பின்னர் வேகமெடுக்கும்போது அந்த வளைவு அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, கீழே அழுத்தும். படகை ஒரு சாண் முன்னால் இழுத்தால் பலகை சரியாகும், ஆனால் இழுக்கும் வண்டியின் கொக்கியில் பாரம் கூடிவிடும். ஆகவே படகையும், அதை இழுத்து ஏற்றும் வின்ச்சின் தூணையும் முன்னகர்த்தி, யு போல்ட்டுகளைத் தளர்த்தி அச்சையும் அதற்கேற்ப முன்னால் தள்ள வேண்டியிருந்தது. அச்சு வெல்டிங் செய்யப்படாமல் யு போல்ட்டில் அமைந்திருந்ததால்தான் அது முடிந்தது. மாற்றிய பின் கொக்கி முனையை எடைக்கருவியில் வைத்துப் பார்த்தேன்: 90 கிலோ, அதாவது மொத்தத்தில் 7 சதவீதம். படகு ட்ரெய்லருக்கு 5 முதல் 10 சதவீதம் பொருத்தம். அதற்குக் கீழே போனால் வேகத்தில் பின்பக்கம் பாம்பைப் போல் நெளியத் தொடங்கும். நடுவிலுள்ள ரோலர்கள் ஏராவுக்கு (படகின் அடி நடுத்தண்டுக்கு) வழிகாட்ட மட்டுமே. சுமை அவற்றின் மேல் இறங்கவில்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டேன். பலகையின் மேல் கம்பளத்தை அடித்திருந்த பின்கள் சாதாரண இரும்பு. ஓராண்டுக்குள் துருவேறித் தலைதூக்கின. ஸ்டெயின்லெஸ் பின்களால் நானே மீண்டும் அடித்தேன்.

பிரேக்கைப் பற்றிக் குறை இல்லை. முன்வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையே ஹைட்ராலிக் அழுத்தமாக மாறுகிறது. டிரம்முக்குள் தண்ணீரும் மணலும் தங்கும் தொல்லை டிஸ்க்கில் இல்லை. மேட்டில் பின்னோக்கி எடுக்கும்போது பிரேக் தானே பிடித்துக்கொள்ளாதிருக்கும் தடுப்பும் சேர்ந்தே வந்தது.

விளக்குகள் முழுவதும் மூடப்பட்ட எல்இடி வகை. ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் திரும்பிச் செல்லத் தனி வயர் உண்டு. சேஸிஸையே வயராக நம்பும் ட்ரெய்லர்களில் முதலில் மங்குவது விளக்குதான் என்பதால் இதை மதிக்கிறேன். ஆனால் வயர் குறுக்குச் சட்டத்தைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் போடவில்லை. உறை தேய்ந்து, ஒரு மாலையில் இடப்பக்க இண்டிகேட்டர் அணைந்தது. காசளவு ரப்பர் துண்டில் இவ்வளவு சிக்கனம் தேவையா என்று இன்னும் புரியவில்லை.

டயர்களின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். எனக்கு வந்த டயர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடங்கில் கிடந்தவை, கேட்டதும் மாற்றிக்கொடுத்தார்கள். ட்ரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்ந்து முடிவதில்லை, வெயிலிலும் வயதிலும் வெடித்து முடிகிறது. உதிரிச் சக்கரம் சேர்த்துத் தரப்படவில்லை.

வின்ச்சில் கம்பிக்குப் பதில் பெல்ட் இருப்பது உள்ளங்கைக்கு நல்லது. அறுந்த கம்பி இழையின் குத்தல் பட்டவர்களுக்கு இது விளங்கும். அணிய வளையத்துக்கான தனிச் சங்கிலி உறுதியானது. பின்பக்கப் பெல்ட்டுகளைத் தனியே வாங்கினேன்.

சரிவு குறைந்த கரையில் இறக்குகிறவர்களுக்கு இந்தப் பலகை வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். படகு மிதந்து விலக ட்ரெய்லரை ஆழமாக இறக்க வேண்டியிருப்பதால், அங்கே படகு உருளைகளின் மேல் உருண்டிறங்கும் ரோலர் வகையே உதவும். நல்ல சரிவும் உப்புத்தண்ணீரும் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம், பலகை நீளத்தையும் வயர் துளைகளையும் ஒப்புக்கொள்ளும் முன் சரிசெய்யச் சொல்லிவிட்டு. முன்பக்க ஜாக்கின் சிறு சக்கரம் மட்டும் மணலில் புதைகிறது. அதற்கு இன்றுவரை ஒரு பலகைத் துண்டைத்தான் அடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.