750 ரூவா 'கடைசி கால' செட் வாங்குனேனுங்க, ஒரு ரிவ்யூ

போன மாசம் திருப்பூர்ல ஒரு மண்டபத்துல ரெண்டு நாள் கடைசி கால தீர்க்கதரிசன செமினார் நடந்துச்சுங்க, யார் நடத்துனாங்கன்னு பேர் வேண்டாம், என்ட்ரி ஃப்ரீ, ஆனா வெளிய வர்ற வாசல்லயே ஸ்டால் போட்டிருந்தாங்க. ஒரு புக்கு, ஒரு பென்டிரைவ், செவுத்துல மாட்டற ஆறடி ஃப்ளெக்ஸ் சார்ட்டு, மூணும் சேர்த்து 750. நான் எங்க சபைல ஞாயிறு பள்ளி எடுக்கறவன், பசங்க ரீல்ஸ் பார்த்துட்டு வந்து "அண்ணா, 2028-ல உலகம் முடிஞ்சிருமா, அப்ப பப்ளிக் எக்ஸாம் இருக்காதா"ங்கறானுக, சரி என்னதான் சொல்றாங்கன்னு வாங்கிட்டேன்.

பாட்டு டீம் அருமை. தக்காளி சாப்பாடும் குறை சொல்ல முடியாது.

சார்ட்டுக்கு வருவோம். பைபிள்ல தானியேல் புஸ்தகத்துல ஆரம்பிச்சு கடைசி புஸ்தகமான வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் கலர் கலரா அம்புக்குறி. கணக்கு என்னன்னா, 1948-ல இஸ்ரேல் நாடு உருவாச்சு, முடிவுக்கு அடையாளமா இயேசு சொன்ன அத்திமரம் துளிர்க்கறது அதுதான், அதைப் பார்த்த சந்ததி ஒழிஞ்சு போகறதுக்குள்ள எல்லாம் நடக்கும்னு மத்தேயு 24, ஒரு சந்ததின்னா 80 வருஷம்னு 90-ம் சங்கீதம், ஆகமொத்தம் 2028. மைக்குல கேக்கறப்ப அடேங்கப்பான்னுதான் இருக்கும். ஆனா அமெரிக்கால 1988-ன்னு சொல்லி பயமுறுத்துனவங்களும் இதே 1948-ஐத்தான் புடிச்சாங்க, அவங்களுக்கு சந்ததின்னா 40 வருஷம், அவ்ளோதான் வித்தியாசம்.

வீட்ல மாட்டறப்ப பார்த்தா 2028 இருக்கற எடம் மட்டும் கொஞ்சம் மேடா இருந்துச்சு. நகத்துல நெம்புனா ஸ்டிக்கர் உரிஞ்சு வருது, அடில 2018. அதே சங்கீதத்துல 70 வருஷமும் இருக்குது, பெலன் இருந்தா 80-ம் இருக்குது, அது தாண்டிருச்சுன்னா இதுன்னு மாத்தி ஒட்டியிருக்காங்க. எனக்கு பொக்குனு போச்சு.

புக்குல இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். "தேதி தப்பலைங்க பிரதர், நினிவேக்கு குடுத்த மாதிரி கர்த்தர் நமக்கு தவணை குடுத்திருக்காரு"ன்னாங்க. ஏனுங்க, நாப்பது நாள்ல அழியும்னு யோனா சொன்னதைக் கேட்டு நினிவே பட்டணத்துல ராஜாவே சிங்காசனத்தை விட்டு எறங்கி சாம்பல்ல உக்காந்தான், 2018-ல திருப்பூர்ல யாருங்க உக்காந்தாங்க, வழக்கம்போல ஷிப்மென்ட்டுதான் போயிட்டிருந்துச்சு. சரி காசையாவது திருப்பிக் குடுங்கன்னா, காணிக்கைக்கு ரீஃபண்ட் கிடையாதாம். ஜிபே பண்றப்ப வெலைன்னு சொன்னது இப்ப காணிக்கை ஆயிருச்சு.

அமெரிக்க ரேடியோ பிரசங்கி ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21-ன்னு சொன்னாரு, நடக்கலைன்னதும் அக்டோபர் 21-ன்னாரு, ஆனா அந்த மனுசன் 2012-ல தேதி குறிச்சது பாவம்னு எழுதி ஒத்துக்கிட்டாரு. கொரியாவுல 1992 அக்டோபர் 28-ன்னு சொன்ன ஆளு, அந்தத் தேதிக்கு அப்புறம் முதிர்வாகற பாண்டுல பணத்தைப் போட்டு வச்சு மாட்டி ஜெயிலுக்குப் போனாரு. பென்டிரைவ்ல நாலு மணி நேரம் பேசறாங்க, இதுல ஒண்ணுகூட வராது.

புக்கோட பின்னட்டைல பெருசா 'தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்'னு போட்டிருக்கு. அடுத்த வசனமே 'எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து'ன்னு வரும், அதைக் காணோம். நான் இதைத்தான் பசங்களுக்குக் காட்டுனேன், தீர்க்கதரிசனமே வேண்டாங்கல, இயேசுவோட ரெண்டாம் வருகையை நானும் நம்பறவன்தான், ஆனா அந்த நாளும் நாழிகையும் பிதாவைத் தவிர யாருக்கும் தெரியாதுன்னு இயேசுவே சொன்னப்பறம் ஸ்டிக்கர் ஒட்டறவனுக்கு மட்டும் எப்படித் தெரியும். இந்த செமினாருக்குப் போயிட்டு வந்து எங்க ஒறம்பரைல ஒருத்தர் மாமன்கிட்ட போட்டிருந்த சீட்டையே பாதில நிறுத்திட்டாரு, 28-க்கு அப்புறம் காசு எதுக்குன்னு. அத்தை இன்னும் அவர்கிட்ட பேசறதில்ல.

எங்கம்மாவோட அம்மா, அம்மிச்சி மட்டும் சிரிச்சுச்சு. "கண்ணு, 99-லயும் இப்படித்தான் மூணு நாள் இருட்டாயிரும்னானுக, ஊரே போய் மெழுகுவத்தி வாங்குச்சு, நானும் அஞ்சு டஜன் வாங்குனனாக்கும்." பயந்தியான்னு கேட்டேன். "பயப்படாம? உங்கொம்மாளைக் கட்டிப்புடிச்சு அழுதனே." அந்த மெழுகுவத்தி 2012 கரண்ட் கட்டுலதான் தீந்துச்சாம்.

புக்கு 1 ஸ்டார், பென்டிரைவை அழிச்சு கிறிஸ்மஸ் பாட்டு ஏத்தியாச்சு அதனால 3, ஃப்ளெக்ஸுக்கு மட்டும் 5. நல்ல கெட்டி. களத்துல வேகவச்ச மஞ்சள் காயுது, ராத்திரி பனி எறங்கறப்ப அம்மிச்சி அதைத்தான் எடுத்து மூடுது, கடைசி யுத்தம் அர்மகெதோன் இருக்கற பக்கம் கீழ, வெள்ளைப் பக்கம் மேல.