ஊட்டில குட்டி டிராவல் ஷேவர் வாங்கப் போறீங்களா, மொதல்ல பெட்டிய திருப்பிப் பாருங்க

பாதி தாடியோட ஒரு டாக்டர் முன்னாடி போய் நின்ன கதை இது. சிரிக்கிறவங்க முழுசா படிச்சுட்டு சிரிங்க, ஏன்னா அதே பெட்டிய அந்த கடைல இன்னும் வரிசையா அடுக்கி வச்சிருக்கான், சீசன் வேற நெருங்குது.

நான் மெடிக்கல் ரெப், வீடு குன்னூர். கோத்தகிரி ஊட்டி கூடலூர் பந்தலூர்னு மாசத்துல பத்து நாள் லாட்ஜ்லதான் பொழப்பு. காலைல ஒரு பக்கெட் சுடுதண்ணி வரும், அதுல குளிக்கிறதா ஷேவ் பண்றதான்னு தினமும் ஒரு பஞ்சாயத்து. அதான் பாக்கெட்ல போடுற மாதிரி சார்ஜ் ஷேவர் ஒண்ணு வாங்கிடலாம்னு பொங்கலுக்கு முன்னாடி ஊட்டில ஒரு செல்போன் சாமான் கடைக்குள்ள போனேன். கடை பேரு போடல, கேக்காதீங்க.

கடைக்காரன் ஆரம்பிச்சான், "பேட்டரி 1200 எம்ஏஹெச்ணா, ஒரு தடவ சார்ஜ் போட்டா ஒன்றரை மணி நேரம் ஓடும், ஐபிஎக்ஸ்7, அப்படியே பைப்ல காட்டி கழுவலாம், போன் சார்ஜர்லயே போட்டுக்கலாம்". 1250 சொன்னான், பேசி 950க்கு முடிச்சேன். பில் கேட்டேன், பில் போட்டா ஜிஎஸ்டி ஏறும்ணான்னு சொல்லி எஸ்டிமேட் சீட்டுல கிறுக்கி குடுத்தான், நானும் நூறு ரூபா மிச்சம்னு வாங்கிட்டு வந்தேன். என் புத்திய சொல்லணும்.

அன்னைக்கு நைட்டு கூடலூர் லாட்ஜ்ல என் போன் சார்ஜர்ல, ரெண்டு பக்கமும் டைப் சி இருக்குற கேபிள்ல மாட்டினேன், லைட்டே வரல. செத்த பீஸ குடுத்துட்டான்னு நெனச்சேன், ரூம் பையன் ஒரு பழைய கேபிள் (ஒரு பக்கம் பெரிய யூஎஸ்பி) குடுத்தான், அதுல எரிஞ்சுது. சரின்னு நைட்டு பூரா சார்ஜ் போட்டேன். காலைல இடது கன்னம் சூப்பரா முடிஞ்சுது, வலது பக்கம் ஆரம்பிச்சு காதுகிட்ட போறப்போ சத்தம் அப்படியே எறங்குது, பிளேடு நின்னு முடிய கவ்விக்கிச்சு. புடுங்குனதுல கண்ணுல தண்ணி. ரேசர் வாங்கலாம்னா எதிர்ல பொட்டிக்கடை தொறக்கல. மாஸ்க் போட்டுட்டு போனேன், டாக்டர் "என்னப்பா காய்ச்சலா"ன்னு கேட்டு மாஸ்க்க எறக்கச் சொன்னார். எறக்குனேன். அவர் ஒண்ணும் சொல்லல, நர்ஸத்தான் பாத்தார்.

திரும்பி வர்றப்போ கடைல கேட்டா அவன் அசால்ட்டா சொல்றான், "ஊட்டி குளிருங்ணா, பேட்டரி எறங்கத்தான் செய்யும், கீழ போய் யூஸ் பண்ணிப் பாருங்க". இதுதான் என்னைய ரெண்டு மாசம் ஏமாத்துன டயலாக். ஏன்னா அதுல பாதி உண்மை, லித்தியம் பேட்டரி கடுங்குளிர்ல கொஞ்சம் கம்மியாத்தான் ஓடும். ஜனவரில ஊட்டிய ஒட்டி இருக்குற தலைகுந்தா பக்கம் புல்லு மேல வெள்ளையா உறைபனி கெடக்கும், என் போனே வெடியக்காலம் படுத்துரும். ஆனா கூடலூர் என்ன ஊட்டியா, அங்க எங்க அந்தக் குளிரு? அது அப்போ மண்டைல ஏறல.

மார்ச்ல மேட்டுப்பாளையம் மாமியார் வீட்டுக்குப் போனப்போ, ஃபேன் காத்தே சுடுது அங்க, ஃபுல் சார்ஜ் போட்டு போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு ஓட விட்டேன். 7 நிமிஷம் 40 செகண்ட். "மாப்ள எதுக்கு ஷேவரக் கையில வச்சுட்டு சும்மா பாத்துட்டு இருக்காரு"ன்னு மாமியார் உள்ள கேக்குறாங்க.

மறுநாள் குன்னூர்ல செல்போன் சர்வீஸ் பண்ற நம்ம ஃப்ரெண்டுகிட்ட குடுத்தேன், ரெண்டே ஸ்க்ரூ, கழட்டிட்டான். உள்ள விரல் சைஸ்ல ஒரு செல், மேல 1200னு ஸ்டிக்கர். டெஸ்டர்ல போட்டா 280 சொச்சம்தான் காட்டுது. நல்ல செல்லுன்னா ஆர்னு ஆரம்பிக்கிற பிஐஎஸ் (இந்திய தர நிர்ணயம்) நம்பர், பேட்டரிக்கான தர எண் ஐஎஸ் 16046 எல்லாம் இருக்கும்டா, இதுல பாரு மொட்டைன்னான். ஐபிஎக்ஸ்7னா ஒரு மீட்டர் தண்ணில அரை மணி நேரம் கெடந்தாலும் உள்ள ஒண்ணும் ஆகக் கூடாது, இதுல பட்டன சுத்தி ஒரு ரப்பர் வாஷர் கூட இல்ல, மோட்டார் அடில நான் கழுவுன தண்ணி துருவா நிக்குது. டைப் சி கேபிள்ல ஏன் ஏறலன்னா, அந்த ஓட்டைக்கு பின்னாடி ரெண்டு குட்டி ரெசிஸ்டர் வைக்கணுமாம், அது இருந்தாத்தான் சார்ஜர் எதிர்ல ஒரு சாமான் இருக்குன்னு தெரிஞ்சு கரண்ட் விடும், அதையும் மிச்சம் புடிச்சிருக்கானுங்க. அதனால கடைல வாங்கும்போதே உங்க கேபிள மாட்டிப் பாருங்க. மேல இருக்குற சல்லடைய நகத்தால லேசா தடவிப் பாருங்க, என்னோடது ஓரத்துல பிஞ்சு தாடைக்கு கீழ கீறிடுச்சு. மாத்து சல்லடை கிடைக்குமான்னு கேளுங்க, அது தேயுற சாமான், கிடைக்காதுன்னா மொத்தமா குப்பைதான். பட்டன் லாக் இல்லன்னா பைக்குள்ள தானா ஓடி சார்ஜ் தீந்துரும், அதையும் பாருங்க.

அப்புறம்தான் பெட்டிய திருப்புனேன், வாங்குற அன்னைக்கே செஞ்சிருக்க வேண்டியது. 2011 பேக்கேஜ் விதிப்படி இறக்குமதி பண்ணவன் பேரு, அட்ரஸ், மாசம் வருஷம், எம்ஆர்பி, புகார் நம்பர் எல்லாம் இருக்கணும். இதுல எம்ஆர்பியே இல்ல, அட்ரஸும் இல்ல. கஸ்டமர் கேர் நம்பர் இருக்கு, எண்ணிப் பாத்தா 9 டிஜிட்.

நுகர்வோர் புகார் நம்பர் 1915க்கு அடிச்சேன், தமிழ்லயே பேசுனாங்க. பில் இல்ல, ஜிபே காட்டுன ஸ்க்ரீன்ஷாட்டும் எஸ்டிமேட் சீட்டும்தான் இருக்குன்னேன், புகார் பதிஞ்சு ஒரு நம்பர் குடுத்தாங்க. அந்த நம்பர கடைக்காரன்கிட்ட காட்டுனேன். மொதல்ல அதே பெட்டில வேற பீஸ் எடுத்து நீட்டுனான், வேணாம்னேன், அப்புறம் முனகிட்டே 500 அனுப்புனான். மீதி 450க்கு ப்ளூடூத் ஹெட்செட் எடுத்துக்கோங்ணா, 40 மணி நேரம் ஓடும்ங்கிறான்.